பஞ்சர் இல்லை மாமா

வீட்டுக் குழு, சனிக்கிழமை காலை

சின்ன மாமா: பிள்ளை, மோட்டார் சைக்கிளின் பின் ரயரில் காற்று நிற்கவில்லை. நேற்று விடிய 32 psi அடித்தேன். மாங்குளம் போய்த் திரும்பி மதியம் கிளிநொச்சியில் பார்த்தால் 36க்கும் 37க்கும் நடுவில் காட்டியது. கூடிவிட்டது என்று கடைத் தம்பி 32க்கு இறக்கி விட்டார். இன்று விடிய 28. ரியூப்பைக் கழற்றித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தோம். ஒரு குமிழியும் வரவில்லை.

நான்: பஞ்சர் இல்லை மாமா. மதியம் இறக்கியதுதான் பிழை. ஓட்டத்திலும் ஏ9 வீதி வெயிலிலும் ரயர் கொதித்துப் போயிருந்தது. உள்ளே காற்று கூடவில்லை, அமுக்கம்தான் கூடியது. நீங்கள் இறக்கியபோது காற்றே வெளியே போய்விட்டது. இரவு ஆறியதும் அந்தக் குறை தெரிகிறது.

தம்பி: அக்கா, கனவளவு மாறாவிட்டால் அமுக்கம் வெப்பநிலைக்கு நேர்விகிதசமம். விடிய 27 பாகை, மதியம் ரயருக்குள் 57 என்று வைத்தால் 67.6 அல்லவா காட்டியிருக்க வேண்டும்?

நான்: கெல்வினில் போடு, பாகையோடு 273ஐக் கூட்டு.

தம்பி: 300, 330. பத்தில் ஒரு பங்குதான் கூடும். 35.2. அப்பவும் மாமா சொன்ன கணக்கு வரவில்லை.

நான்: மானி காட்டுவது வெளிக்காற்றை விட எவ்வளவு கூட என்பதைத்தான். காற்றுப் போன ரயரில் மானி 0 காட்டும், ஆனால் உள்ளே வளிமண்டல அமுக்கமான 14.7 psi இருக்கும். அதைக் கூட்டிப் பெருக்கு, கடைசியில் கழி.

தம்பி: 46.7. பத்தில் ஒரு பங்கு கூட்டினால் 51.4. கழித்தால் 36.7. வந்துவிட்டது!

தம்பி: இறக்கியதையும் பார்த்தேன் அக்கா. 46.7ஐ 1.1ஆல் பிரித்தால் 42.5, கழித்தால் 27.8. மாமாவின் 28!

நான்: கெல்வினுக்கு மாற்றுவது, 14.7ஐக் கூட்டுவது, இந்த இரண்டு இடத்திலும்தான் பரீட்சையில் பிள்ளைகள் புள்ளியை விடுகிறார்கள். ரயர் கொஞ்சம் விரியும், ஆனால் இந்தக் கணக்குக்கு அதை விட்டுவிடலாம்.

சின்ன மாமா: சரி, சூடானால் ஏன் அமுக்கம் கூடுகிறது?

நான்: தகரக் கூரையில் மழை பெய்வதை நினையுங்கள் மாமா. தனித்தனித் துளி கேட்காது, ஒரே இரைச்சல்தான். ரயரின் உள்சுவரில் காற்றின் மூலக்கூறுகள் அப்படித்தான் விழுகின்றன. சூடேறினால் வேகம் கூடும். ஒவ்வொரு அடியும் பலமாக விழும், அடிகளும் அடிக்கடி விழும். சுவர் விலகி இடம் கொடுக்காதபடியால் அது முழுக்க அமுக்கமாகத் தெரிகிறது.

ரொறன்ரோ சித்தி: ஓ, அதுதானா! இங்கே முதல் கடுங்குளிர் வந்த காலையில் காரில் ரயர் விளக்கு எரியும். ஒவ்வொரு வருசமும் பயந்து கராஜுக்கு ஓடுவேன்.

நான்: அதேதான் சித்தி, மறுபக்கமாக. 20 பாகையில் 32 அடித்த ரயர் -20இல் 25, 26க்கு வந்துவிடும். குளிரிலேயே பார்த்து நிரப்புங்கள்.

பெரியம்மா: பிள்ளை, எங்கள் காஸ் சிலிண்டர் முற்றத்து வெயிலில் நிற்கிறது. அதுவும் பத்தில் ஒன்றுதானே கூடும்?

நான்: இல்லை பெரியம்மா! முதலில் அதை நிழலுக்கு எடுங்கள், பிறகு வாசியுங்கள். ரயருக்குள் வெறும் காற்று. சிலிண்டருக்குள் பெரும்பகுதி திரவம், மேலே கொஞ்சம்தான் ஆவி. சூடேறச் சூடேறத் திரவம் ஆவியாகி மேலே சேர்ந்துகொண்டே இருக்கும். அதனால் 27 பாகையிலிருந்து 57க்குப் போனால் அதன் அமுக்கம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். திரவமும் விரியும், அதற்காகத்தான் மேலே இடம் விட்டு நிரப்புகிறார்கள். நிழலில், காற்றோட்டமான இடத்தில், நிமிர்த்தி வையுங்கள்.

பெரியம்மா: வேப்பமரத்தடிக்கு எடுத்தாச்சு.

தம்பி: அக்கா, ரயர் கணக்கில் நான் போட்டது கேலூசாக்கின் விதிதானே?

நான்: அந்தப் பெயரிலும் சொல்வார்கள். ஆனால் அவர் 1802இல் எழுதியது அமுக்கம் மாறாமல் இருக்கும்போது கனவளவு விரிவதைப் பற்றி. அடைத்த காற்றைச் சூடாக்கி அமுக்கத்தை அளந்தவர் அதற்கு நூறு வருசம் முந்திய அமொந்தோன் என்ற பிரெஞ்சுக்காரர். சிறு வயதிலேயே காது கேட்காமல் போனவர். சாதாரணக் குளிர்ச்சியிலிருந்து கொதிநீர் வரை அமுக்கம் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது என்று கண்டார். 10 பாகையையும் 100 பாகையையும் கெல்வினில் போட்டுப் பார், அவர் எவ்வளவு கவனமாக அளந்திருக்கிறார் என்று தெரியும்.

தம்பி: 283, 373. 1.32!

ஞாயிற்றுக்கிழமை

சின்ன மாமா: விடிய 6 மணிக்கு, ரயர் குளிர்ந்திருக்கும்போதே 32 அடித்தேன்.

சின்ன மாமா: மதியம் 36½. கை வைக்கவில்லை.