சார்க்கோபீனியாவுக்குத் 'தசைத்தேய்வு' வேண்டாமே

ஐயா, வணக்கம். நம் கலைச்சொல் பட்டியலில் சார்க்கோபீனியாவுக்கு (sarcopenia) ஒரு தமிழ்ச்சொல் வேண்டும் என்றதற்கு நீங்கள் எழுதியது:

> 'தசைத்தேய்வு' என்றே வைத்துக்கொள்ளலாமே. எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான், ஆனால் வேறொன்றாகப் புரியும். பிள்ளைகளுக்குப் பரம்பரையாக வரும் தசை நோயைத்தான் 'தசைத்தேய்வு', 'தசைச்சிதைவு' என்று மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். நாம் தேடுவது, வயதாக ஆகத் தசையும் அதன் வலுவும் குறைவதற்கான பெயர். சார்க்கோபீனியா என்பது அதற்கு 1989-இல் அமெரிக்க ஊட்டச்சத்து ஆய்வாளர் இர்வின் ரோசன்பெர்க் கிரேக்கத்திலிருந்து எடுத்து வைத்த பெயர்: சார்க்ஸ் சதை, பீனியா வறுமை. 'சதைவறுமை' என்றால் கவிதைக்கு ஆகும், மருந்துச்சீட்டுக்கு ஆகாது.

'தசைமெலிவு' என்று முன்பு நானே சொன்னேன், வாபஸ் வாங்குகிறேன். காரணம் என் அம்மா. வயது 74. பத்து வருடமாக எடை 62 கிலோதான், எங்களுக்கும் அதில் பெருமை. ஆனால் ரவிக்கைக் கை தொளதொளவென்று தொங்குகிறது, பாவாடை நாடா மட்டும் பத்தவில்லை. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ முடியவில்லை. மருத்துவர் எடை பார்த்ததோடு விடாமல் கெண்டைக்காலைச் சுற்றி டேப் வைத்தார்: 31 செ.மீ. ஆசியர்களுக்கான 2019 வரையறைப்படி பெண்களுக்கு 33-க்கும் ஆண்களுக்கு 34-க்கும் கீழே போனாலே மேற்கொண்டு சோதிக்க வேண்டுமாம். போன தசையின் இடத்தில் கொழுப்பு வந்து உட்கார்ந்தால் எடை மெஷினுக்கு எப்படித் தெரியும்? எடையை உயரத்தோடு ஒப்பிடும் உடல் நிறைக் குறியெண்ணும் (BMI) அப்படித்தான். முதுகு கூனி உயரம் குறைவதால் அது இன்னும் குழப்பும். இவர்களைப் பார்த்து 'மெலிவு' என்று எந்த வாயால் சொல்வது?

என் பரிந்துரை: தசைவற்றல். நீர் வற்றினாலும் கிணற்றின் சுற்றளவு குறையாது. 'கை கால் வத்திப்போச்சு' என்பது ஊர்ப்பேச்சும்கூட. பருமனும் சேர்ந்து வந்தால் 'தசைவற்றிய பருமன்' எனலாம். 'தசைமெலிந்த பருமன்' என்று சொல்லிப் பாருங்கள், பல்லில் சிக்கும். வற்றல் என்றதும் சுண்டைக்காய் நினைவுக்கு வரும், தெரியும். 'தசைவற்று' என்று சுருக்கினால் 'தசையற்று' என்று காதில் விழுகிறது.

*

தம்பி,

சுண்டைக்காயைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் மாவுக்கட்டு பிரித்த பையனுக்கும் கால் வற்றித்தானே இருக்கும்? வயது எங்கே போயிற்று? 'முதுமைத் தசைவற்றல்' என்று பட்டியலில் ஏற்றுகிறேன். பேச்சில் முதுமையை விட்டுவிட்டாலும் பரவாயில்லை. மாற்றுக் கருத்துள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். அப்புறம், அம்மாவின் கைப்பிடி வலுவையும் பார்த்தார்களா? பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழே இருக்கக் கூடாது.