யூ.பி.எஸ்.ஆர். போய்விட்டது: சின்னத் தமிழ்ப்பள்ளி நன்றாக நடக்கிறதா என்று எதை வைத்துச் சொல்வது?

பிறைவாசி
வணக்கம். பிறையில் இருக்கிறேன், தொழிற்பேட்டையில் கணக்குப் பிரிவில் வேலை. மலேசியாவில் பினாங்கு மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகளில் ஒன்றில் என் மகன் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். இந்த ஆண்டு பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலவைக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். சின்னப் பள்ளி, ஆறாம் ஆண்டில் 12 பிள்ளைகள்.

முதலாம் ஆண்டுப் பதிவின்போது பெற்றோர் கேட்பது ஒன்றே ஒன்று: "உங்க பள்ளி எப்படி? பக்கத்துச் சீனப்பள்ளிக்கே அனுப்பிடலாமா?" முன்பு ஆறாம் ஆண்டு அரசுச் சோதனையான யூ.பி.எஸ்.ஆர். தேர்ச்சி விழுக்காட்டைப் பதாகையில் போட்டு வாசலில் கட்டுவார்கள். 2021-இல் அந்தச் சோதனை நின்றுவிட்டது. இப்போது இருப்பது வகுப்பறை மதிப்பீடு, 1 முதல் 6 வரை அடைவுநிலை. அதைப் போடுவது பாட ஆசிரியர். பிறகு நான்காம் ஆண்டிலிருந்து உவாசா எனும் ஆண்டிறுதித் தேர்வும் வந்தது. அதைத் திருத்தியதும் பள்ளி ஆசிரியர்களே. ஒரு பள்ளியின் 5-உம் இன்னொரு பள்ளியின் 5-உம் ஒன்றுதானா?

எங்கள் ஆசிரியர்கள் பாடுபடுவதைக் கண்ணால் பார்க்கிறேன். அதை ஒரு தாயிடம் எடுத்துச் சொல்ல என் கையில் எதுவும் இல்லை. பள்ளி பிள்ளைக்கு என்ன கொடுத்தது என்று அளக்க வழி உண்டா?

செந்தூல் ஓய்வாசிரியர்
அம்மா, முதலில் அந்தப் பதாகையை விட்டுவிடுங்கள். 12 பேரில் ஒருவன் தவறினால் விழுக்காட்டில் 8 புள்ளிக்கு மேல் இறங்கும். அவன் பாதி ஆண்டில் மாறி வந்தவனாக இருக்கலாம். சோதனை வாரத்தில் வீட்டில் துக்கம் நடந்திருக்கலாம். மறு ஆண்டு விழுக்காடு ஏறும், பள்ளி அப்படியேதான் இருக்கும். இதை வைத்து ஆறாம் ஆண்டுக்கு மட்டும் கூடுதல் வகுப்பு, பயிற்சித்தாள் என்று ஓடிக்கொண்டிருந்த காலத்தில், முதலாம் ஆண்டில் எழுத்து தெரியாமல் உட்கார்ந்திருந்த பிள்ளையைக் கவனிக்க ஆளில்லை. எனக்கு அது இன்றும் ஆறவில்லை.

நான் செய்துவந்த முறை இது. முதலாம் ஆண்டு தொடங்கிய சில வாரங்களில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்து எழுத்து அட்டைகளைக் காட்டுவேன். எத்தனை எழுத்து தெரிகிறது, எழுத்துக்கூட்டுகிறதா, சரளமாகப் படிக்கிறதா என்று நோட்டில் குறித்துக்கொள்வேன். ஆளுக்கு ஐந்து நிமிடம் போதும். ஆண்டிறுதியில் அதே அட்டை. இரண்டாம், மூன்றாம் ஆண்டில் ஒரு பத்தி கொடுத்து, ஒரு நிமிடத்தில் எத்தனை சொல்லைப் பிழையில்லாமல் படிக்கிறார்கள் என்று பார்க்கலாம். பாலர்பள்ளி போன பிள்ளை வரும்போதே படிக்கும். போகாத பிள்ளை 'அ'வில் தொடங்கும். அந்தப் பிள்ளை ஆண்டிறுதியில் எழுத்துக்கூட்டி ஒரு வரி படித்தால், அது பள்ளி செய்த வேலை. பெற்றோரிடம் இதைச் சொல்லுங்கள். மலாய்க்கும் கணிதத்துக்கும் இதே மாதிரி செய்யலாம்.

பாயான் லெப்பாஸ் ஆய்வு மாணவி
அக்கா, ஐயா சொல்வதற்குப் பின்னால் பெரிய ஆய்வு வரலாறே இருக்கிறது. 1966-இல் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் அமெரிக்காவில் ஆறு லட்சத்துக்கும் அதிகமான மாணவர்களை ஆராய்ந்தார்கள். மதிப்பெண் வேறுபாட்டைப் பள்ளியின் வசதிகளை விடக் குடும்பப் பின்னணியே அதிகம் விளக்குகிறது என்று வந்தது. அப்படியானால் பள்ளியால் ஒன்றும் ஆகாதா என்று பலர் சோர்ந்துபோனார்கள். மைக்கேல் ரட்டர் குழு லண்டன் நகரப் பகுதியில் 12 இடைநிலைப்பள்ளிகளைப் பிள்ளைகள் உள்ளே வரும்போதே அளந்து, பிறகு தொடர்ந்து பார்த்தது. 1979-இல் முடிவு வந்தது: ஒரே மாதிரிப் பிள்ளைகள் சேர்ந்தாலும் வருகை, நடத்தை, தேர்வு முடிவு எல்லாம் பள்ளிக்குப் பள்ளி மாறின. கட்டடம் பழசா புதுசா என்பது பொருட்படவில்லை. பாடத்தைத் திட்டமிட்டு நடத்துவது, வீட்டுப்பாடம் கொடுப்பது, பிள்ளைகளைப் பாராட்டுவது, அவர்களிடம் பொறுப்பை ஒப்படைப்பது, அவர்கள் வேலையைச் சுவரில் ஒட்டுவது, இவைதான் பொருட்பட்டன. சங்கம் நிதி திரட்டும்போது திறன்பலகைக்கு முன்னால் இவற்றை யோசிப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

ஒன்று மட்டும்: மூன்று நான்கு ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். 12 பேரை வைத்து ஓர் ஆண்டில் எந்த முடிவுக்கும் வர முடியாது. பல நாடுகளை ஒப்பிடும் பீசா தேர்வின் எண்களையும் இதோடு குழப்ப வேண்டாம். கணிதத்தில் மலேசியா 2018-இல் 440, 2022-இல் 409 என்பது 15 வயதுப் பிள்ளைகளை வைத்து நாட்டைப் பற்றிச் சொல்வது.

செபராங் ஜெயா அப்பா
இடைநிலைப்பள்ளியில் படிவம் 1-க்குப் (முதல் ஆண்டுக்கு) போன பிள்ளைகளையும் கேளுங்க. என் மகளுக்குக் கணிதமும் அறிவியலும் சிரமமில்லை. மலாயில் எழுதுவதுதான் முதல் சில மாதம் திணறல். இதைப் பழைய பள்ளி ஆசிரியரிடம் யாராவது சொன்னால்தானே அவருக்குத் தெரியும்? ஆறாம் ஆண்டுப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவைக் கலைக்காமல் வைத்திருங்கள்.

பிறைவாசி
எல்லாருக்கும் நன்றி. படிவம் 1 யோசனை எங்களுக்குத் தோன்றவே இல்லை. ஒரு தயக்கம்: பெற்றோர் சங்கம் நோட்டோடு வந்தால், தங்களை எடைபோட வந்திருக்கிறோம் என்று ஆசிரியர்கள் நினைக்கமாட்டார்களா?

செந்தூல் ஓய்வாசிரியர்
நினைப்பார்கள், அதில் நியாயமும் உண்டு. அதனால் நோட்டு ஆசிரியரிடமே இருக்கட்டும். சங்கத்துக்குப் பிள்ளை பெயரும் வேண்டாம், ஆசிரியர் பெயரும் வேண்டாம்; பள்ளியின் மொத்தக் கணக்கு மட்டும் போதும். தலைமையாசிரியரிடம் பேசும்போது, அந்த ஐந்து நிமிடச் சோதனை நடக்கும் நேரத்தில் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சங்கத்திலிருந்து இரண்டு பேரை அனுப்புகிறோம் என்று சொல்லுங்கள். ஆசிரியருக்கு உண்மையில் இல்லாதது நேரம்தான் அம்மா.