கராக்குச்சிக்கு ‘உலர்’ பொருந்துமா?

அன்புடையீர், வணக்கம்.

ஜப்பானிய அரிசி மதுவான சாக்கேயில் இனிப்புக் குறைவாகத் தெரியும் ‘கராக்குச்சி’ வகைக்கு ‘உலர்சுவை’ என்ற சொல் முன்மொழியப்பட்டுள்ளது. அந்த உலர்ச்சி, இனிப்புக் குறைந்த மதுவை ‘டிரை’ (உலர்ந்தது) என்னும் ஆங்கிலம் வழியாக வந்தது. ஜப்பானியச் சொல்லில் வறட்சி என்ற பொருளே இல்லை. ‘கராய்’ என்றால் காரம், ‘குச்சி’ என்றால் வாய் (நம் குச்சியோடு உறவில்லை). இனிப்பு வகையை ‘அமாக்குச்சி’ என்பார்கள்.

சொல்லுக்குச் சொல் ‘கார்ப்பு’ என வைத்தால் மிளகாய்தான் நினைவுக்கு வரும். கடுங்காப்பியை எண்ணி ‘கடுஞ்சுவை’ என வைக்க எனக்கும் ஆசை இருந்தது. ஆனால் ‘கடு’ என்றதும் படிப்பவர் போதை மிகுதி என்று கொள்வார். தவிரவும், கடுங்காப்பியில் பால்தான் கிடையாது, கருப்பட்டி உண்டு.

எஞ்சியது ‘இனிப்பற்ற’. அதைக் கைவிடச் செய்தது, கோபே நகரின் நாடாப் பகுதியில் தயாரான, மலிவான 2 லிட்டர் காகிதப் பெட்டிச் சாக்கே. முகப்பில் பெரிய எழுத்தில் கராக்குச்சி என்றிருக்க, பக்கவாட்டில் அரிசி, கோஜிப் பூஞ்சை வளர்த்த அரிசி, வடித்த ஆல்கஹால் ஆகியவற்றுக்குப் பின் சர்க்கரையும் சேர்பொருளாகக் குறிக்கப்பட்டிருந்தது. இதில் முரண் இல்லை. ‘நிஹோன்ஷுதோ’ என்னும் அளவு, 15 பாகை வெப்பத்தில் மிதவைமானியால் அடர்த்தியை அளந்து, 4 பாகைத் தண்ணீரின் அடர்த்தியைச் சுழியாகக் கொள்கிறது; சர்க்கரை மிகுந்தால் எண் கழித்தல் பக்கமும், ஆல்கஹால் மிகுந்தால் கூட்டல் பக்கமும் நகரும். ஆகவே, சர்க்கரை சிறிது இருந்தும், சேர்த்த ஆல்கஹாலின் வலுவால் ஒரு சாக்கே கூட்டல் எண் பெற்று, கராக்குச்சி எனப்படலாம்.

குளிரவைத்துப் பருகியபோது அது மெலிந்து, நாவில் தங்காமல் சட்டென முடிந்தது. மணம் என்று சொல்ல அதிகமில்லை. அதையே வெந்நீரில் குடுவையை நிறுத்தி, ‘ஜோகான்’ எனப்படும் 45 பாகைக்குச் சூடாக்கியதும் சோற்றுக் கஞ்சியின் மணமும், அதுவரை தெரியாதிருந்த இனிப்பும் மேலெழுந்தன. இனிப்பு இல்லாமல் இருக்கவில்லை, அடங்கியிருந்தது.

எனவே ‘இனிப்படங்கிய சாக்கே’ என்பது என் முன்மொழிவு. ‘நிஹோன்ஷுதோ’ அளவைக்குச் ‘சாக்கே அடர்த்தி எண்’ போதும். சர்க்கரையை ஈஸ்ட் தின்று தீர்த்ததால் இனிப்பு குறைந்த திராட்சை மதுவுக்கும் ‘இனிப்படங்கிய’ பொருந்தும் என்றே கருதுகிறேன். பெயர்ச்சொல்லாக ‘இனிப்படக்கம்’ என்றால் யாரோ வலிந்து அடக்கியது போல ஒலிக்கிறது. அதற்கு மேலான வடிவம் தோன்றுபவர்கள் எழுதுங்கள்.