மூணாவது குறுக்குத் தெரு குரூப்

கோடி வீட்டு அக்கா: செப்டிக் டேங்க் நிரம்பி பாத்ரூம்ல தண்ணி ஏறி நிக்குது. நேத்துல இருந்து மாமியார் பக்கத்து வீட்டுக்குத்தான் போய்ட்டு வர்றாங்க. யார்கிட்டயாச்சும் ஆள் நம்பர் இருக்கா?

மளிகைக் கடை அண்ணன்: தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்கார்மா. உள்ளே இறங்கி வழிச்சு எடுத்துடுவார். கழிவை உறிஞ்சி எடுக்கிற வண்டியை விட காசும் கம்மி.

அங்கன்வாடி டீச்சர்: அண்ணே, தயவுசெஞ்சு ஆளை இறக்காதீங்க. மூடி திறந்திருந்தாலும் உள்ள விஷவாயு நிக்கும். முதல்ல அழுகின முட்டை நாத்தம் அடிக்கும். அளவு கூடிட்டா அந்த நாத்தமே மூக்குக்குத் தெரியாது. ஒருத்தர் மயங்கினா தூக்கப் போறவரும் சேர்ந்து போயிடுறார். 2013லயே சட்டம் போட்டுத் தடுத்தாச்சு.

மளிகைக் கடை அண்ணன்: அவ்வளவு யோசிக்கல டீச்சர். அவருக்கும் ரெண்டு பிள்ளைங்க. கூப்பிட மாட்டேன்.

அங்கன்வாடி டீச்சர்: அக்கா, செப்டிக் டேங்க் சுத்தம் பண்றதுக்கான உதவி எண் 14420க்குப் போன் போடுங்க. லைசென்ஸ் இருக்கிற வண்டிதானான்னு கேளுங்க. எங்க கொண்டுபோய்க் கொட்டுறாங்கன்னும் கேளுங்க. சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் போகணும், ஏரிக்கரைக்கு இல்ல.

கோடி வீட்டு அக்கா: பேசிட்டேன், காலைல வருது. ஆனா போன வருஷம்தானே எடுத்தோம்? மூணு வருஷம் தாங்கும்னாங்களே!

கொத்தனார் தம்பி: அக்கா, வாஷிங் மெஷின் தண்ணியும் அதுலயா விடுறீங்க?

கோடி வீட்டு அக்கா: ஆமா தம்பி, எல்லாத்துக்கும் ஒரே பைப்தான்.

கொத்தனார் தம்பி: அதான் விஷயம். டேங்க்ல தண்ணி அசையாம நின்னாத்தான் கசடு அடியில படியும். மெஷின் தண்ணி ஒரேயடியா பாஞ்சா கலக்கிவிட்டுடும், டேங்க் தண்ணி மண்ணுல இறங்குற உறிஞ்சுகுழிக்குக் கசடு போய் அதை அடைச்சுக்கும். குளிக்கிற, துவைக்கிற தண்ணியைப் பிரிச்சு வாழைக்கு விடுங்க. நான் வந்து பைப் மாத்தித் தர்றேன்.

கொத்தனார் தம்பி: இன்னொண்ணும் சொல்லணும். நம்ம தெருவுல பல வீட்டுல இருக்கிறது செப்டிக் டேங்கே இல்ல, வெறும் உறைக்குழி. அடியில சிமெண்ட் தரை கிடையாது.

வேப்பமரத்து வீட்டுப் பெரியம்மா: எங்களுதும் உறைதான்பா. 12 வருஷமா நிரம்பினதே இல்ல. ராசியான குழின்னு நினைச்சிருந்தேன்.

கொத்தனார் தம்பி: நிரம்பலன்னா மண்ணுக்குள்ள இறங்குதுன்னு அர்த்தம் பெரியம்மா. கிணறு எவ்வளவு தள்ளி இருக்கு?

வேப்பமரத்து வீட்டுப் பெரியம்மா: 15 அடி இருக்கும்.

கொத்தனார் தம்பி: குறைஞ்சது 10 மீட்டர் வேணும், நம்ம கணக்குக்கு 33 அடி. இனிமே அந்தத் தண்ணியைக் காய்ச்சாம குடிக்காதீங்க.

வேப்பமரத்து வீட்டுப் பெரியம்மா: பேத்திக்கு அடிக்கடி வயித்தால போகுது. சூட்டு உடம்புன்னு இளநீர் குடுத்துட்டு இருந்தேனே. இப்பவே அடுப்புல வைக்கிறேன்.

அங்கன்வாடி டீச்சர்: பாப்பாவை நாளைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டு வாங்க பெரியம்மா, நானும் வர்றேன். தம்பி, ஞாயித்துக்கிழமை டேப் எடுத்துட்டு வாங்க. வீடு வீடா குழிக்கும் கிணத்துக்கும் அளந்து எழுதுவோம். அதோட போய் கவுன்சிலரைப் பார்க்கலாம்.

கோடி வீட்டு அக்கா (மறுநாள் காலைல): வண்டி தெருமுனைக்கு வந்துடுச்சு. பைக்கெல்லாம் ஓரமா எடுத்து வைங்க, ஓஸ் இழுக்கணும்.