எட்டுக்கு நாலு: பிரிப்பதா, வைப்பதா?

லூப்லைன்:
அம்பத்தூர் வீட்டுப் பின்னறையில் ஒன்பது வருடமாக நிற்கும் என் எட்டடிக்கு நாலடி ஹெச்.ஓ. (நிஜத்தில் 87இல் ஒரு பங்கு) மாதிரி ரயில் லேஅவுட்டை மழைக்காலத்துக்கு முன்னால் பிரித்துவிடலாம் என்று இருக்கிறேன். ஒரே பிளைவுட் பலகை, அதன்மேல் இரட்டைச் சுற்று, நடுவில் தெர்மோகோல் மலை, மலைக்குள் ஒரு குகை. வளைவின் ஆரம் 18 அங்குலம். கட்டியபோது என்னிடம் இருந்தவை நாலு சக்கர வேகன்களும் ஒரு சின்ன ஷண்டிங் டீசலும்தான், அதற்கு அது தாராளம். இப்போது ஐ.சி.எஃப். பயணிகள் பெட்டிகள் ஏழு சேர்ந்துவிட்டன. ஒரு பெட்டி நிஜத்தில் 21.3 மீட்டர், நம் அளவில் 245 மில்லிமீட்டர். வளைவில் நடுப்பகுதி உள்ளே வாங்குகிறது, முனை வெளியே துருத்துகிறது, குகை வாயில் உரசுகிறது. மலையேற்றமோ 4 சதவீதம். மூன்று பெட்டிக்கு மேல் மாட்டினால் என்ஜின் நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுற்றுகிறது.

புதிய திட்டம்: 10க்கு 11 அறை, நாலு சுவரோரமும் 18 அங்குல அகலப் பலகை, 30 அங்குல வளைவு, ஒவ்வொரு என்ஜினையும் தனித்தனியாக ஓட்டும் டிஜிட்டல் முறையான டி.சி.சி. இப்போது பாதி பித்தளையாக இருக்கும் தண்டவாளம் முழுவதும் நிக்கல் சில்வராக மாறும்.

பிரித்துப் பழகியவர்கள் வழி சொல்லுங்கள். பிரிக்காதே என்பவர்களும் சொல்லலாம், ஆனால் காரணத்தோடு.

பெரம்பூர் ரிட்டயர்டு:
தம்பி, காரணத்தோடே சொல்கிறேன். அந்த மலைக்குப் பச்சை பூசி முடித்தாயா? பொங்கலுக்கு நீ போட்ட படத்தில் தெர்மோகோலின் வெள்ளை பளிச்சென்று தெரிந்தது. ஸ்டேஷனுக்குக் கூரை இல்லை. இதற்கு முன்னால் மாடி அறையில் ஒன்று வைத்திருந்தாய், அதையும் பாதியில்தான் பிரித்தாய்.

மரவேலை, தண்டவாளம், வயர், இதெல்லாம் உனக்கு வெல்லம். புல், மரம், சுவரில் மழைக்கறை என்று வந்தால் கை நின்றுவிடுகிறது. நிற்கிற நேரம் பார்த்துப் புது லேஅவுட் ஆசை வருகிறது. 30 அங்குல வளைவு போட்டாலும் மூன்று வருடம் கழித்து அதே வெறும் பலகையில் வந்து நிற்பாய்.

குகை வாயைச் செதுக்கு. ஏழில் மூன்று பெட்டியை ஓட்டு. மும்பை-புனே வழியில் போர் காட் மலைப்பாதையில் நிஜ ரயிலே 1க்கு 37 ஏற்றத்துக்குப் பின்னால் என்ஜின் வைத்துத் தள்ளுகிறது. நீ 4 சதவீதம், அதாவது 1க்கு 25 போட்டுவிட்டு என்ஜினைக் குறை சொல்கிறாய். நீயும் பின்னால் ஒன்று போட்டுத் தள்ளு.

ஆல்கோ பைத்தியம்:
ஐயா, அங்கேதான் இடிக்கிறது. இப்போதிருக்கும் சாதாரண டி.சி. முறையில் தண்டவாளத்தில் வரும் மின்சாரத்துக்கு இரண்டு என்ஜினும் ஒன்றாகத்தான் கிளம்பும், ஆனால் ஒரே வேகத்தில் போகாது. முன்னது இழுக்கும், பின்னது முட்டும், நடுவில் காலிப் பெட்டி வளைவில் கவிழும். டி.சி.சி.யில் என்ஜினுக்கு ஒரு டீகோடர், அதற்கென்று ஒரு முகவரி. இரண்டின் வேகத்தையும் பொருத்திவிட்டுத் தள்ளலாம். நீங்கள் சொன்ன யோசனைக்கே புது வயரிங் வேண்டும்.

அப்புறம், எட்டுக்கு நாலு என்பது ரயிலுக்கான அளவே இல்லை, பிளைவுட் கடை அளவு. அறை நடுவில் போட்டால் சுற்றி நடக்க இடம் விட வேண்டும், சுவரில் ஒட்டிப் போட்டால் அந்தப் பக்கம் கவிழ்ந்ததை எடுக்கக் கை எட்டாது. அதே அறையில் சுவரோரமாகப் போனால் நாம் நடுவில் நிற்கிறோம், ரயில் நம்மைச் சுற்றி வருகிறது. அண்ணே, மலையோடு சேர்த்து உடைத்துப் போடுங்கள். யோசித்தால் கை வராது.

மீட்டர்கேஜ்:
இரண்டு லேஅவுட் பிரித்தவள் என்ற முறையில் முதலில் வேலையைப் பற்றி. ஓடுகிற வண்டி எதுவும் அந்த அறையில் இருக்கக் கூடாது. பிளாஸ்டர் தூள் பல்சக்கர கிரீஸில் ஒட்டினால் என்ஜின் அவ்வளவுதான். மலையை உடைக்கும் முன் ஈரம் பண்ணுங்கள், தூள் பாதி அடங்கும். முகத்தில் துணியும் கட்டிக்கொள்ளுங்கள்.

ஜல்லியை எதை வைத்து ஒட்டினீர்கள்? தண்ணீர் கலந்த ஃபெவிகால் என்றால் பிழைத்தீர்கள். வெந்நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டுத் தெளித்து இருபது நிமிடம் ஊறவிட்டு, பட்டி பார்க்கும் பிளேடைப் படுக்கை வசமாகக் கட்டைகளுக்கு அடியில் நுழைத்தால் தண்டவாளம் முழுசாக எழும்பும். அரால்டைட் என்றால் ஆசையை விட்டுவிடுங்கள். சால்டர் வைத்த இணைப்புகளைச் சூடு காட்டிப் பிரிக்காமல் வெட்டிவிடுங்கள், சூட்டில் பிளாஸ்டிக் கட்டைகள் உருகிவிடும். நேர்த் துண்டுகள் போனால் போகிறது, தண்டவாளம் பிரியும் இடத்துப் பாயின்ட்டுகள்தான் காசு. நாக்குப் பகுதியில் பசை இறங்கியிருக்கும். வெந்நீரில் போட்டுப் பழைய பல் பிரஷ்ஷால் தேயுங்கள். முதல் தடவை அவசரத்தில் நான் நெம்பியதில் மூன்று பாயின்ட் ஒடிந்தது. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் இருக்கிறது.

சண்டைக்கு வருகிறேன். முழுசாக உடைப்பதும் அப்படியே வைப்பதும் தவிர வேறு வழியே இல்லையா? கலிஃபோர்னியாவின் ஜான் ஆலன், ‘கோரி அண்ட் டிஃபீட்டட்’ என்று படுகாயமும் தோல்வியும் கலந்த ஒலியில் தன் ரயிலுக்குப் பெயர் வைத்த குசும்பர், முதலில் கட்டியது ஏழடிகூட நீளமில்லாத சின்ன லேஅவுட். பிறகு அதைப் பெரிதாக்கினார். வேறு வீட்டில் மூன்றாவதாக மிகப் பெரியதைக் கட்டியபோதும் அந்தச் சின்னதைத் தூக்கிப்போய் உள்ளேயே ஒரு மூலையாகப் பொருத்திக்கொண்டார். உங்கள் மலையையும் வெட்டி எடுக்கலாமே?

பெரம்பூர் ரிட்டயர்டு:
நல்ல உதாரணம், ஆனால் எனக்குச் சாதகமானது. ஆலன் முதலாவதை முடித்தபிறகுதான் பெரிதாக்கினார். தூக்கிப்போக அங்கே ஒரு காட்சி இருந்தது. நம் தம்பியிடம் இருப்பது வெள்ளைத் தெர்மோகோல்.

ஆல்கோ பைத்தியம்:
அந்தக் கதையின் மிச்சத்தையும் சொல்லுங்கள் ஐயா. 1973 ஜனவரியில் ஆலன் இறந்தார், இரண்டு வாரத்துக்குள் வீட்டில் தீப்பிடித்து லேஅவுட் போய்விட்டது. முடித்ததும் போனது, முடிக்காததும் போனது. இங்கிலாந்தில் பீட்டர் டென்னி என்ற பாதிரியார் தன் பக்கிங்ஹாம் ஸ்டேஷனையே திரும்பத் திரும்பப் பிரித்துக் கட்டினார். அவரை யாரும் சோம்பேறி என்று சொல்லவில்லை.

பெரம்பூர் ரிட்டயர்டு:
டென்னி பிரித்தது ஓடிக்கொண்டிருந்த ஸ்டேஷனை. ஓட்டிப் பார்த்துக் குறை கண்டுபிடித்துப் பிரித்தார். நம்மவர் கூரையே போடவில்லையப்பா.

லூப்லைன்:
சார், கூரையை விடவே மாட்டேன் என்கிறீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன், காட்சி வேலை எனக்கு வராது. ஆனால் ஏன் வரவில்லை என்றும் கேளுங்கள். ஏழு பெட்டி வாங்கியவன் மூன்றை மட்டும் மாட்டிச் சுற்றிவிட்டால் ரயில் தன் வாலையே துரத்துகிற மாதிரி இருக்கிறது. அதைப் பார்த்தபிறகு அந்த மலைக்குப் புல் ஒட்ட மனசு வருவதில்லை. நம் ஊர் ரயில் மாதிரி இருந்தால் ஒட்டுவேன்.

பெரம்பூர் ரிட்டயர்டு:
நம் ஊர் ரயில் மாதிரியா! நம் அகலப்பாதையின் தண்டவாள இடைவெளி 1676 மில்லிமீட்டரை 87ஆல் வகுத்துப் பார். 19.26 வரும். நீ ஓட்டுவது 16.5. முதல் அங்குலத்திலேயே பொய்.

(ஆனால் வாலைத் துரத்துவது பற்றி நீ சொன்னது நியாயம். அதை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு திட்டியிருக்க மாட்டேன்.)

மீட்டர்கேஜ்:
லூப்லைன், ஒரு கேள்வி. நாலு சுவரும் சுற்றி என்றால் கதவு எங்கே?

லூப்லைன்:
கதவு இருக்கும் இடத்தில் கழற்றி மாட்டும் பாலம் போடலாம் என்று நினைத்தேன், அக்கா.

மீட்டர்கேஜ்:
உள்பக்கம் திறக்கிற கதவா?

லூப்லைன்:
ஆமாம்.

மீட்டர்கேஜ்:
அப்படியானால் பாலம் மாட்டியிருக்கும் வரை வெளியிலிருந்து யாரும் வர முடியாது, வந்தால் பாலமும் ரயிலும் தரையில். என் வீட்டில் வெளிப்பக்கம் திறக்கிற கதவுதான், அதிலேயே ஐப்பசி மழையில் பலகை ஊதி இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப்போனது. ஒவ்வொரு மழைக்கும் திருகைத் தளர்த்தித் திரும்பப் பொருத்தினேன். துணி காயப்போட அம்மா உள்ளே வரும்போதெல்லாம் ‘பாலம்! பாலம்!’ என்று கத்த வேண்டும். இரண்டாவது லேஅவுட்டைப் பிரித்ததற்குக் காரணமே அதுதான்.

ஆல்கோ பைத்தியம்:
கதவைக் கழற்றி வெளிப்பக்கம் மாட்டினால் போச்சு.

லூப்லைன்:
வாடகை வீடு தம்பி.

நேற்று ராத்திரி தரையில் சாக்பீஸால் வரைந்து பார்த்தேன். அக்கா சொல்வது சரி. கதவு சுற்றும் இடத்தை விட்டுவிட்டால் மிஞ்சுவது மூன்று சுவர். சுற்று போய்விடுகிறது. ஒரு முனையில் ஸ்டேஷன், மறுமுனையில் ரயில் கண்ணில் படாமல் நிற்க இரண்டு மூன்று ஒளிவு லைன், நடுவில் ஓட்டம். ஏழு பெட்டியும் என்ஜினும் சேர்ந்து ஆறரை அடி வருகிறது, அதனால் பிளாட்பாரம் நீளச் சுவருக்கு.

ஆல்கோ பைத்தியம்:
சுற்றே இல்லாமலா? நாலு நிமிடத்தில் மறுமுனை வந்துவிடும், அப்புறம் என்ன பண்ணுவீர்கள்?

பெரம்பூர் ரிட்டயர்டு:
என்ஜினைக் கழற்றி மறுபக்கம் கொண்டுவந்து மாட்டுவார். நிஜ ரயிலில் அதைத்தான் செய்கிறோம். இதற்கு நான் எதிர்ப்பில்லை. ஒரு நிபந்தனை மட்டும்: முதல் நாலு அடிக்குப் புல் ஒட்டிப் படம் போடும் வரை ஐந்தாவது அடிக்குத் தண்டவாளம் வாங்கக் கூடாது.

லூப்லைன்:
சரி சார். மலையில் குகை வாய் இருக்கும் இரண்டடித் துண்டை மட்டும் பிளைவுட்டோடு அறுத்து எடுக்கிறேன். உள்ளே தண்டவாளம் இருக்காது, ஒளிவு லைனை மறைக்கும் மூலையில் சும்மா நிற்கும். ஞாயிறு காலை தொடங்குகிறேன். ஜல்லி ஃபெவிகால்தான், அதுவரை தப்பித்தேன். பித்தளைத் தண்டவாளம் 11 நீளம் இருக்கிறது, பழகுகிற பிள்ளைகள் யாராவது கேட்டால் சும்மா தருகிறேன்.

பெரம்பூர் ரிட்டயர்டு:
ஸ்டேஷனை யாருக்கும் கொடுத்துவிடாதே. நான் வந்து எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கூரையை நான் போடுகிறேன்.

ஆல்கோ பைத்தியம்:
ஐயா, எத்தனை நாளில்?