மாண்டரின் கேட்கும் கணக்கு வேலைகள்: பெயரைச் சுருக்கிப் போடலாமா?

ஷாஆலம்_கணக்கர்:
வணக்கம். கணக்கியல் பட்டம் முடித்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. ஏசிசிஏ என்ற கணக்கர் தொழில்முறைத் தேர்வில் சில தாள்கள் பாக்கி. இங்கே மலேசியாவில் கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா பக்கம் எங்கே பார்த்தாலும் ‘மாண்டரின் அவசியம்’, அதாவது சீன மொழி தெரிய வேண்டும் என்றுதான் விளம்பரம். அப்படிக் கேட்காத இடங்களுக்குப் போட்டாலும் பதில் இல்லை. என்னைவிட மதிப்பெண் குறைந்த சீனத் தோழி எப்போதோ வேலைக்குப் போய்விட்டாள். ரெசுமேயில் ‘ஏ/பி’யையும் (இன்னாரின் மகள் என்பதற்கான மலாய்ச் சுருக்கம்) அப்பா பெயரையும் எடுத்துவிட்டு, பெயரைச் சுருக்கிப் போடச் சொல்கிறார் மாமா. எனக்கு மனசு ஒப்பவில்லை. மாண்டரின் வகுப்பில் சேர்ந்தால் பலன் இருக்குமா?

ஈப்போ_பையன்:
தங்கச்சி, நான் சீனப் பள்ளியில் படித்தவன். மாண்டரின் பேசுவேன், எழுதுவேன். போனில் பேசும்போது நல்ல வரவேற்பு இருக்கும், நேரில் போய் உட்கார்ந்ததும் முகம் மாறிவிடும். கற்றுக்கொள், விற்பனை வேலைக்கு நிச்சயம் உதவும். அது இருந்தால் போதும் என்று மட்டும் நம்பிவிடாதே.

கிள்ளான்_அக்கா:
பெயரை வெட்டாதேம்மா. நேர்முகத் தேர்வில் அடையாள அட்டையைக் கேட்பார்கள், முழுப் பெயரும் அதில் இருக்கும்.

நான் பல வருஷம் எச்.ஆரில் இருந்தவள். ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவுக்கு ஆள் எடுத்தோம். மென்பொருள் ஆங்கிலம், வரி பாரம் மலாய், வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் கிளந்தான் மாநில மலாய் வியாபாரிகள். ஆனாலும் விளம்பரத்தில் மாண்டரின் போடச் சொன்னார்கள். எதற்கு என்று கேட்டேன். “பாஸ் மீட்டிங்கில் அதில்தான் பேசுவார்” என்றார் மேலாளர். விண்ணப்பங்களைப் பிரிக்கும்போது அவர் முதலில் பார்த்தது படத்தை, அப்புறம் பெயரை. மதிப்பெண் பக்கம் வரை போன தமிழ்ப் பிள்ளைகளின் விண்ணப்பம் மிகக் குறைவு. எனக்கு இன்னும் ஆறவில்லை.

பொருளாதார ஆய்வாளர்கள் லீ ஹுவோக் ஆனும் முகமது அப்துல் காலிதும் 2016இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கற்பனைப் பட்டதாரிகளின் ரெசுமேக்களைப் பொறியியல், கணக்கியல் வேலைகளுக்குத் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். சீனப் பெயர்களுக்கு 22.1 விழுக்காடு அழைப்பு வந்தது, மலாய்ப் பெயர்களுக்கு 4.2தான். ஆகவே இந்தக் கதவு நமக்கு மட்டும் மூடியதல்ல. ஆனால் அரசாங்க வேலையும் அரசு சார்ந்த நிறுவனங்களின் உயர் பதவிகளும் மலாய்க்காரர்களுக்கு ஓரளவு ஈடு செய்கின்றன. 1971இல் வந்த புதிய பொருளாதாரக் கொள்கை, 1990க்குள் கம்பெனிப் பங்குகளில் 30 விழுக்காடு பூமிபுத்ராக்களிடம், அதாவது மலாய்க்காரர்களிடமும் மற்றப் பூர்வகுடிகளிடமும் இருக்க வேண்டும் என்றது. சீனர்களுக்குக் குடும்பக் கம்பெனிகளும் சங்கங்களும் உண்டு. நமக்கு இரண்டு பக்கமும் பிடிமானம் இல்லை. மறைந்த கோடீஸ்வரர் ஆனந்த கிருஷ்ணனைக் காட்டி ‘இந்தியரும் மேலே வரலாம்’ என்பார்கள். அவர் சொந்தமாகக் கம்பெனி கட்டியவர். மற்றவர் கம்பெனியில் நம் பிள்ளைகள் ஏன் மேலாளர் பதவியோடு நின்றுவிடுகிறார்கள் என்பதுதான் என் கேள்வி. இன்னொன்று, அந்த ஆய்வில் இந்தியப் பெயர்களே இல்லை. அதுவும் எனக்கு வலிக்கிறது.

ஜேபி_பயணி:
தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாமே அக்கா?

கிள்ளான்_அக்கா:
2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டத்தில் 69எஃப் என்ற பிரிவு இருக்கிறது தம்பி. பாகுபாடு பற்றிய தகராறை இலாகா விசாரிக்கலாம். ஆனால் அது ‘தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையே’ உள்ள தகராறு. வேலையே கிடைக்காதவள் எப்படித் தொழிலாளி ஆவாள்? எல்லோரும் சமம் என்கிற அரசியலமைப்பின் 8ஆவது பிரிவும் தனியார் முதலாளியைக் கட்டுப்படுத்தாது என்று 2005இல் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஜேபி_பயணி:
நான் தினமும் பாலம் தாண்டி வேலைக்குப் போகிறவன். சிங்கப்பூரில் 2025 ஜனவரியில் வேலையிட நியாயச் சட்டம் நிறைவேறியது. இனம், மொழித்திறன் இரண்டும் அதில் உண்டு, ஆள் எடுக்கும் கட்டத்துக்கும் பொருந்தும். வேலைக்கு உண்மையிலேயே தேவை என்றால்தான் மொழி கேட்கலாம். 25 பேருக்குக் குறைந்த கம்பெனிகளுக்கு இப்போதைக்கு விலக்கு. 2027இல் நடைமுறைக்கு வரும் என்கிறார்கள். இங்கேயும் அப்படி ஒன்று வர வேண்டும்.

ஷாஆலம்_கணக்கர்:
நன்றி அக்கா, அண்ணன்களுக்கும். பெயரை மாற்றப் போவதில்லை. அடுத்து எங்கே போடுவது?

கிள்ளான்_அக்கா:
சைபர்ஜெயாவில் வெளிநாட்டுக் கம்பெனிகளின் கணக்குச் சேவை மையங்கள் இருக்கின்றன, அங்கே வேலை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். தணிக்கை நிறுவனங்களையும் விடாதே. ரெசுமேயில் படத்தை எடுத்துவிடு, ஏசிசிஏ தாள்களை முதல் பக்கத்திலேயே போடு. எனக்குத் தனிச்செய்தியில் அனுப்பு, இந்த வாரமே பார்த்துத் தருகிறேன்.