அரை நிழலில் சிவப்பு, ஊதா இலைச் செடி எது நிற்கும்?

கேள்வி: காலையில் மட்டும் கொஞ்ச நேரம் வெயில் விழும் மதில் ஓரத்தில் ஊதா அல்லது சிவப்பு இலைப் புதர்ச்செடி வைக்க ஆசை. நிழலில் நிறம் மங்கிவிடும் என்கிறார்களே, எது தாங்கும்?

பதில் 1: அகலிஃபா என்ற சிவப்பு இலைப் புதர் வேண்டாம், வெயில் குறைந்தால் பச்சை தலைகாட்டும். சிவப்பைத் தரும் ஆந்தோசயனின் நிறமி நல்ல வெளிச்சத்தில்தான் அதிகம் ஊறும். பெர்சியன் ஷீல்டு வையுங்கள். ஊதா இலைமேல் வெள்ளி பூசினாற்போல் மினுங்கும், நரம்பு மட்டும் கரும்பச்சை, அவ்வளவு அழகு. தண்ணீர் குறைந்தால் துவண்டுவிடும். அப்புறம், நுனியைக் கிள்ளிக்கொண்டே இருங்கள், புதுத் தளிரில்தான் நிறம் தூக்கலாக இருக்கும்.

பதில் 2: நீள இலை சிவப்பாக இருக்கும் கார்டிலைன் செடியும் சரிவரும். வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது.

பதில் 3: எக்ஸ்கோகேரியா பாருங்கள். இலையின் மேல்பக்கம் பச்சை, அடிப்பக்கம் கருஞ்சிவப்பு, காற்றடித்தால் இரண்டும் மாறி மாறித் தெரியும். வெட்டும்போது கையுறை கட்டாயம், அதன் பால் பட்டால் தோல் எரியும்.